நான்காம் அத்தியாயம்: ஈயம் வைக்காமல் வால்வு சர்க்யூட் கட்டுவது

சோதனைப் பலகையில் வால்வு கெட்டுப்போவது அபூர்வம். கெடுவது இணைப்புகள்தான். ரெசிஸ்டர் நன்றாக இருக்கும், கண்டென்சர் நன்றாக இருக்கும், வால்வின் ஹீட்டரும் சிவந்து எரிந்துகொண்டிருக்கும். ஆனால் சத்தம் வராது. தேடிப் பார்த்தால் எங்கோ ஒரு திருகு அரைச் சுற்று தளர்ந்திருக்கும். அதனால்தான் சர்க்யூட்டுகளுக்குப் போவதற்கு முன்னால் இணைப்புகளுக்கென்றே ஓர் அத்தியாயம்.

சால்டரிங்கைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. வருஷக்கணக்கில் ஓடவேண்டிய ரேடியோவுக்கு ஈயம் வைப்பதே சரி. ஆனால் கற்றுக்கொள்கிறவர் ஒரே மாலையில் ஒரு பிளேட் ரெசிஸ்டரை நாலு தடவை மாற்றிப் பார்ப்பார். மாற்றிப் பார்க்கத்தான் வேண்டும், அதில்தான் படிப்பு இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அயர்னைச் சூடாக்கி, பழைய ஈயத்தை உறிஞ்சி, புதிதாக வைத்துக்கொண்டிருந்தால் மூன்றாவது மாற்றத்துக்கு மனம் வராது. சாக்கெட்டின் காலும் அத்தனை சூட்டைத் தாங்காது.

இது நேற்று வந்த குறுக்குவழியும் இல்லை. நம் சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்த நாளில், 1924 மே 16 அன்று, சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. ஜூலை 31 முதல் ஒலிபரப்பும் வந்தது. அந்தக் காலத்தில் ஆர்வலர்கள் கையால் கட்டிய ரிசீவர்கள் பெரும்பாலும் மரப்பலகையிலும் எபொனைட் தகட்டிலும் திருகு, நட்டு, வாஷர் வைத்து முடுக்கியவை. பேட்டரி, ஏரியல் ஒயர்களைக் கவ்வ ஃபான்ஸ்டாக் கிளிப் என்ற ஒன்று இருந்தது. ஒரே உலோகத் தகட்டை வளைத்துச் செய்தது, விரலால் அழுத்தினால் வாய் திறக்கும், விட்டால் ஒயரைக் கவ்விக்கொள்ளும். அமெரிக்காவில் 1907-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. வால்வு என்ற பொருள் வளர்ந்ததே இப்படிப்பட்ட பலகைகளின் மேல்தான்.

அழுத்தம்தான் இணைப்பு

இரண்டு உலோகப் பரப்புகள் நன்றாக ஒட்டியிருப்பதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும், உண்மையில் சில புள்ளிகளில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. மற்ற இடமெல்லாம் காற்று, தூசி, ஆக்சைடு படலம். அழுத்தம் கூடும்போது அந்தப் புள்ளிகள் நசுங்கி விரிகின்றன, படலம் உடைகிறது, உலோகத்தை உலோகம் தொடுகிறது. அந்த இடத்துக்குள் காற்று புகாவிட்டால் மறுபடி ஆக்சைடு படியவும் வழியில்லை. 1950-களில் பெல் நிறுவனத்தார் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்குக் கொண்டுவந்த ஒயர் ராப் முறை இதை வைத்தே வேலை செய்கிறது. சதுரமான பின்னில் ஒயரை இழுத்துச் சுற்றினால் பின்னின் நாலு விளிம்பும் ஒயரைக் கடித்துப் பிடிக்கும். சொட்டு ஈயம் இல்லாமல் லட்சக்கணக்கான இணைப்புகள் அப்படி வருஷக்கணக்கில் ஓடின.

அழுத்தம் குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இஎல்84 வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட், 0.76 ஆம்பியர் வேண்டும். வழியில் ஒரு தளர்ந்த திருகு ஒரு ஓம் தடையாக நிற்கிறது என்று வையுங்கள். 0.76 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும், ஹீட்டருக்குக் கிடைப்பது ஐந்தரை வோல்ட் சொச்சம். கேத்தோடில் போதிய சூடு ஏறாது, ஒலி மெலியும், வால்வு தேய்ந்துவிட்டது என்று நினைத்து நல்ல வால்வைக் கழற்றி வைத்துவிடுவோம். அதே ஒரு ஓம் பிளேட் வழியில் இருந்தால் யாருக்கும் தெரியாது. அங்கே ஓடுவது மில்லி ஆம்பியர். கிரிட் வழியிலோ மின்னோட்டமே கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அங்கே ஒயர் நீண்டால் வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வாரிக்கொண்டு வரும், சற்று அசைந்தால் கரகரக்கும்.

ஆகவே ஒரே வகை கனெக்டரை வாங்கி எல்லா இடத்திலும் போடுவது சரியில்லை. ஹீட்டருக்குத் தேவை இறுக்கம். பிளேட்டுக்கும் எச்.டி என்ற உயர் வோல்ட்டேஜ் வழிக்கும் தேவை காப்பும் இடைவெளியும். கிரிட்டுக்குத் தேவை குட்டையான, ஆடாத ஒயர். கடையில் நிற்கும்போது இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வுக்கு நாற்காலி: எட்டு பின் ரிலே பேஸ்

ஈயம் இல்லாமல் கட்ட நினைப்பவரை முதலில் மறிப்பது வால்வு சாக்கெட்தான். ரேடியோ சாக்கெட்டுகளின் கால்கள் ஈயம் வைப்பதற்கென்றே செய்தவை. முதலை கிளிப்பை அந்தக் கால்களில் மாட்டினால் ஒன்றோடொன்று முட்டும். முட்டிய நொடியில் எச்.டி கிரிட்டுக்குப் போய்விடும். அதைச் செய்யாதீர்கள்.

இதற்கு வழி நம்மூர் எலக்ட்ரிக்கல் கடையிலேயே இருக்கிறது. மோட்டார் கண்ட்ரோல் பேனல்களில் டைமரையும் ரிலேயையும் சொருக ஒரு பேஸ் வைப்பார்கள். வட்டமாக எட்டுத் துளை, நடுவில் சாவிப் பள்ளம், ஒவ்வொரு துளைக்கும் ஒரு திருகு. அந்த எட்டு துளை அமைப்பு பழைய ஆக்டல் வால்வின் பேஸேதான். ரிலேக்காரர்கள் அதை வால்விலிருந்து எடுத்துக்கொண்டார்கள், இப்போது நாம் அதை வால்வுக்கே திருப்பிக் கொடுக்கிறோம். போர்வெல் மோட்டார்கள் நிறைந்த சித்தூர் பக்கத்திலும், ரேணிகுண்டா போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளிலும் பேனல் கட்டுபவர்கள் இருப்பதால் இந்தப் பொருளுக்குத் தட்டுப்பாடு வராது. “அண்ணா, எட்டு பின் ரிலே பேஸ், திருகு வைத்தது” என்று கேளுங்கள். வட்டப் பின் பேஸ் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தட்டைக் கால் ரிலேக்கான சதுர பேஸை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் வால்வு ஏறாது.

பேஸின் மேலே அச்சிட்ட எண்களும் வால்வின் பின் எண்களும் ஒத்துப்போகும். ஆனாலும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். 6எஸ்என்7 வால்வைச் சொருகி, மல்டிமீட்டரை ஓமில் வைத்து 7, 8 திருகுகளைத் தொட்டால் ஹீட்டரின் குளிர்ந்த தடை, அதாவது ஓரிரு ஓம், காட்ட வேண்டும். வேறு எந்த ஜோடியும் அப்படிக் காட்டக் கூடாது. வால்வைச் சொருகும்போது கீழே உள்ள பேக்கலைட் பாகத்தைப் பிடித்து நேராக அழுத்துங்கள். கண்ணாடியைப் பிடித்து ஆட்டினால் பேஸிலிருந்து கண்ணாடி கழன்றுவிடும்.

வீட்டுப் பழைய ரேடியோக்களிலிருந்து வரும் வால்வுகள் பெரும்பாலும் ஒன்பது பின் நோவல் வகை. பெங்களூரில் 1954-இல் நிறுவிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் ரேடியோ வால்வுகள் செய்ய ஆரம்பித்தது. இசிசி83, இஎல்84 போன்றவை அங்கிருந்து வந்தன. நோவலுக்கு ரிலே பேஸ் பொருந்தாது. சாக்கெட்டும் திருகு கனெக்டரும் ஏற்கெனவே பொருத்திய சிறு பலகைகள் கிடைக்கின்றன, அதில் ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. சென்னை ரிச்சி தெருவும் பெங்களூர் எஸ்.பி. ரோடும் நமக்கு ஒரு பகல் பயணத்தில் போய்வரும் தூரம்தான். ஆனாலும் முதல் வால்வு ஆக்டலாக இருக்கட்டும். 6எஸ்என்7 கிடைக்காவிட்டால் ரஷ்யாவின் 6என்8எஸ் வாங்கலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று.

திருகும் லக்கும்

பாகங்களைச் சேர்க்க 12 வழி டெர்மினல் ஸ்ட்ரிப் போதும். வெள்ளை நிற மெல்லிய பிளாஸ்டிக் ஸ்ட்ரிப் மலிவு, ஆனால் சூட்டில் இளகும். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் அறையில், வால்வுக்குப் பக்கத்தில் அது நிலையாக நிற்காது. கறுப்பு பேக்கலைட் ஸ்ட்ரிப்பை வாங்குங்கள். வால்வுக்கு ஒட்டினாற்போல் இணைப்பு வேண்டிய இடத்தில் ஹீட்டர் காயில்களுக்குப் போடும் பீங்கான் கனெக்டர் இருக்கிறது.

ரெசிஸ்டரின் கால் அரை மில்லிமீட்டர் கனம் சொச்சம். திருகு கனெக்டரின் துளை அதைவிடப் பல மடங்கு பெரியது. காலை அப்படியே நுழைத்துத் திருகினால் திருகின் முனை ஒரு பக்கம் இறங்கும், கால் இன்னொரு பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். முடுக்கியது போலத் தோன்றும், பிடித்திருக்காது. காலை ஒரு சென்டிமீட்டருக்கு மடித்து, இரண்டாகச் சேர்த்து முறுக்கி நுழையுங்கள். திருகு கீழே இறங்கி மென்மையாக நசுங்குவதை ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கை உணரும். அதற்கு மேல் கால் சுற்று. அப்புறம் ரெசிஸ்டரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழுத்துப் பார்க்காத இணைப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பல இழை ஒயரானால் முனையில் ஃபெருல் போட்டு கிரிம்பிங் பிளையரால் அழுத்துங்கள். சிலர் இழைகள் பிரியாமலிருக்க முனையில் ஈயம் தோய்த்துத் திருகுக்குள் வைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஈயம் மென்மையானது. அழுத்தத்தில் மெல்ல மெல்ல விலகும், சில வாரத்தில் திருகு தளரும். திருகின் அடியில் ஈயம் போகக் கூடாது என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒயருக்கு வீட்டு வயரிங்கில் போடும் செம்பு ஒயர் நல்லது. பெரும்பாலானவற்றின் உறையிலேயே 1100 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். ஹீட்டருக்கு 1 சதுர மில்லிமீட்டர் எடுங்கள். கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிளைப் பிரித்து எடுத்த ஒயர் கையடக்கமாக இருந்தாலும் அதன் காப்பு எச்.டிக்கு ஆகாது.

நெம்புகோல் வைத்த லீவர் கனெக்டர்கள் இப்போது எல்லாக் கடையிலும் வந்துவிட்டன. ரெசிஸ்டரை அடிக்கடி மாற்றும் இடத்துக்கு அவற்றைவிட வசதியானது இல்லை. நல்ல தயாரிப்பில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று உடம்பிலேயே இருக்கும். எதுவும் அச்சிடாததை எச்.டி பக்கம் கொண்டுவர வேண்டாம். கண்ணாடி போன்ற உடம்புடையதை வாங்கினால் ஒயர் கடைசிவரை நுழைந்ததா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஐசிக்களுக்கான வெள்ளை பிரெட்போர்டை வால்வுக்குப் பயன்படுத்தாதீர்கள். துளைக்குத் துளை 2.54 மில்லிமீட்டர்தான், உள்ளே மெல்லிய தகடு. ஹீட்டரின் சூட்டுக்கும் பருத்த ஒயருக்கும் எச்.டிக்கும் அது செய்யப்பட்டதல்ல. தடித்த ஒயரை ஒருமுறை நுழைத்த துளை அதன்பின் மெல்லிய ஒயரைப் பிடிக்காது. ஒயரை ஒயரோடு முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வெயிலில் டேப்பின் பசை உருகி வழுக்கும், உள்ளே உள்ள செம்பு ஒருநாள் வெளியே எட்டிப்பார்க்கும்.

பலகைக்குக் காய்ந்த தேக்குத் துண்டு அல்லது ஹைலம் ஷீட். மாமரப் பலகை நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும், ஆனால் ஈரம் இழுக்கும். கிரிட் பக்கத்து மெகா ஓம் ரெசிஸ்டர்களுக்கு ஈரப்பலகையே இன்னொரு ரெசிஸ்டராக நின்றுவிடும்.

45 வோல்ட்டில் முதல் சோதனை

எச்.டி என்றதும் 250 வோல்ட் நினைவுக்கு வரும். முதல் இணைப்புப் பயிற்சிக்கு அது தேவையே இல்லை. 9 வோல்ட் பேட்டரி ஐந்தை எடுங்கள். ஒன்றின் குமிழை அடுத்ததன் கிண்ணத்தில் அழுத்தினால் ஒயரே இல்லாமல் தொடராகக் கோத்துக்கொள்ளும். ஒரு பேட்டரிக்கு ஒரு குமிழ்தான் மாட்ட வேண்டும், இரண்டையும் நேருக்கு நேர் அழுத்தினால் ஷார்ட் ஆகிவிடும். கிடைப்பது 45 வோல்ட். உலர்ந்த கைக்கு இது பெரிதாகத் தெரியாது, ஈரக் கையோடு தொட வேண்டாம்.

ஹீட்டருக்கு எமர்ஜென்சி லைட்டில் இருக்கும் 6 வோல்ட் 4.5 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி. 6எஸ்என்7-க்கு வேண்டியது 6.3 வோல்ட், 0.6 ஆம்பியர், முழுதாக ஏற்றிய பேட்டரி கிட்டத்தட்ட அதையே தரும், ஒரு மாலை முழுக்கத் தாங்கும். 1985-இல் திருப்பதியை மையமாகக் கொண்டு தொடங்கிய அமர ராஜா இப்போது நாடறிந்த பேட்டரி நிறுவனம், ஆகவே பேட்டரி விஷயத்தில் விசாரிக்க ஊரில் ஆள் இருக்கும். பேட்டரியின் தட்டைக் கால்களுக்குப் புஷ்-ஆன் லக் சரியாகப் பொருந்தும். பிளஸ் ஒயரில் 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். சின்ன பேட்டரிதானே என்று ஃபியூஸை விட்டால், ஷார்ட் ஆன நொடியில் ஒயரின் உறை உருகி ஓடும்.

ஸ்ட்ரிப்பின் ஒரு ஓரத்தில் இரண்டு வழிகளைக் கம்பியால் சேர்த்துப் பொதுக்கோடாக வையுங்கள். 9 வோல்ட் அடுக்கின் மைனஸும் ஹீட்டர் பேட்டரியின் மைனஸும் அங்கே வரும். ரிலே பேஸின் 7, 8 திருகுகளுக்கு ஹீட்டர். 5-ஆம் திருகு பிளேட்: அங்கிருந்து 47 கிலோ ஓம் வழியாக 45 வோல்ட்டுக்கு. 6-ஆம் திருகு கேத்தோடு: அங்கிருந்து 1 கிலோ ஓம் வழியாகப் பொதுக்கோட்டுக்கு, அதன் மேல் 22 மைக்ரோஃபாரட் கண்டென்சர், பிளஸ் கால் கேத்தோடு பக்கம். 4-ஆம் திருகு கிரிட்: 470 கிலோ ஓம் பொதுக்கோட்டுக்கு, 0.1 மைக்ரோஃபாரட் வழியாக உள்ளே வரும் ஒலி. இந்த 470 கிலோ ஓமின் ஒரு காலை நேராக ரிலே பேஸின் திருகிலேயே முடுக்கிவிடுங்கள், நடுவில் ஒயர் வேண்டாம். பிளேட்டிலிருந்து இன்னொரு 0.1 மைக்ரோஃபாரட் வழியாக ஒலி வெளியே போகும், வீட்டு ஸ்பீக்கரின் ஆக்ஸ் துளைக்கு. மொபைலையும் ஸ்பீக்கரையும் இணைக்கத் திருகு வைத்த 3.5 மில்லிமீட்டர் ஜாக் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை ஒலி குறைத்தே தொடங்குங்கள். வால்வு உள்ளே வந்ததைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்கித் தரும்.

முதலில் ஹீட்டர் மட்டும். அரை நிமிஷத்தில் உள்ளே செம்மஞ்சள் தெரியும். அப்போது 7, 8 திருகுகளில் வோல்ட் பாருங்கள், பிறகு பேட்டரிக் கால்களில் பாருங்கள். வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் நடுவில் ஏதோ ஒரு இணைப்பு சரியில்லை. மீட்டரின் இரு முனைகளை ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் வைத்து நகர்த்திக்கொண்டே போனால் எது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஃபியூஸ் ஹோல்டரையும் இதில் சேர்த்துப் பாருங்கள், பல சமயம் குற்றவாளி அதுதான்.

பிறகு 45 வோல்ட். பிளேட்டில் 20-க்கும் 25-க்கும் இடையில், கேத்தோடில் அரை வோல்ட் அளவில் இருந்தால் எல்லாம் சரி. பிளேட்டிலும் முழு 45 வோல்ட் இருந்தால் வால்வில் ஓட்டமே இல்லை, கேத்தோடு திருகைப் பாருங்கள். பிளேட்டில் ஒன்றுமே இல்லையானால் 47 கிலோ ஓமின் கால் விட்டிருக்கும். பாட்டை ஓடவிட்டு, காய்ந்த மரக்குச்சியால் ஒவ்வொரு திருகையும் மெல்லத் தட்டுங்கள். எந்த இடத்தில் கரகரக்கிறதோ அங்கே ஸ்க்ரூ டிரைவர் போக வேண்டும்.

250 வோல்ட்டுக்குப் போகும்போது

இதே பலகையில் 6வி6 போன்ற பவர் வால்வை வைக்கும் நாளில், விட்டுப்போன இணைப்பு வெறும் மௌனத்தோடு நிற்காது. பவர் வால்வின் கிரிட் ரெசிஸ்டர் கழன்றால் கிரிட் ஆதாரமில்லாமல் மிதக்கும். பிளேட் ஓட்டம் கட்டுமீறி ஏறும், பிளேட் சிவக்கும், வால்வு போய்விடும். அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் ஸ்பீக்கர் ஒயர் ஓடிக்கொண்டிருக்கும்போது விட்டால் பிரைமரியில் பெரும் வோல்ட்டேஜ் எகிறி, சாக்கெட்டில் பொறி பறக்கும். இந்த இரண்டு இடத்துக்கும் முதலை கிளிப் கூடாது. திருகு, அதுவும் ஒவ்வொரு திருகுக்கும் ஒரே ஒரு வேலை.

எச்.டி ஃபில்டர் கண்டென்சரின் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக முடுக்குங்கள். 47 மைக்ரோஃபாரட் கண்டென்சரானால் ஸ்விட்சை அணைத்து ஒரு நிமிஷத்தில் ஆபத்தில்லாத அளவுக்கு வடிந்துவிடும். அந்த ரெசிஸ்டரின் திருகும் தளரலாம் என்பதால் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கையை நீட்டுங்கள். வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறது என்ற தைரியம் இங்கே செல்லாது. டிரான்ஸ்பார்மரின் செகண்டரி பக்கம் நடப்பது அதற்குத் தெரியாது. டிரான்ஸ்பார்மரே இல்லாமல் மெயின்ஸிலேயே ஓடும் பழைய ஏசி/டிசி ரேடியோக்கள், யூஎல்84 மாதிரி யூ வரிசை வால்வுகள் வைத்தவை, அவற்றின் சேசிஸிலேயே கரண்ட் இருக்கும். அந்த சர்க்யூட்டை இந்தப் பலகையில் கட்டவே கூடாது.

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில் காதங்கியில், தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் இருக்கிறது. 1990-களில் அது கட்டப்பட்டபோது 32 டிரான்ஸ்மிட்டர்கள் சேர்ந்து உச்சத்தில் 2.5 மெகாவாட் அனுப்பின, அவை வால்வில் ஓடியவை. பின்னால் அந்த இடத்தை 1024 திடநிலை அலகுகள் எடுத்துக்கொண்டன. வால்வு எத்தனை சக்தியைக் கையாளும் என்பதற்கு நம் பக்கத்திலேயே இருந்த சான்று அது. நம் பலகையில் அத்தனை சக்தி இல்லை, ஆனாலும் அதன் மேல் 250 வோல்ட் வரும்போது ஒரு மூடியும் வேண்டும்: நாலு மூலையில் ஸ்பேசர் வைத்து, திருகுகள் எல்லாம் மறையும்படி ஹைலம் அல்லது அக்ரிலிக் தகடு. மீட்டர் முனை நுழைய மட்டும் ஆங்காங்கே சிறு துளை.

வால்வு ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் பித்தளையும் செம்பும் விரிந்து சுருங்கும். முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஒரு தடவை, பேட்டரியையும் பிளக்கையும் எடுத்துவிட்டு, மீட்டரில் சுழியம் பார்த்து, எல்லாத் திருகுகளையும் திரும்ப இறுக்குங்கள். ஹீட்டர் திருகுகளிலிருந்து ஆரம்பியுங்கள், அதிகம் தளர்வது அவைதான். அது முடிந்தபின் பலகை அடுத்த அத்தியாயத்துக்குத் தயார்: காலங்காலமாக நம் பக்கத்தில் கேட்டுவந்த கடப்பா 900, சென்னை 720, பெங்களூர் 612 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்கான ஒரு வால்வு மீடியம்வேவ் ரிசீவர்.